விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள்

வீட்டிலும் அங்கன்வாடியிலும் அன்றாடம் நடப்பதுதான். ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டி, “இது என்ன?” என்கிறோம். “மாடு” என்கிறது குழந்தை. “வெரி குட்” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுக்கிறோம். பத்து நிமிடத்தில் இருபது அட்டைகள் தீர்ந்துவிடும். குழந்தை இருபது பெயர்களைச் சொல்லியிருக்கும். ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்காது.

வேறோர் அட்டையை எடுப்போம். மழை பெய்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டி கூடையோடு நிற்கிறார். ஓரமாக ஒரு நாய்க்குட்டி நனைகிறது. “பாட்டி ஏன் கண்ணு இங்க நிக்கிறாங்க?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், “பஸ்ஸுல பேத்தி வர்றா, அவளுக்கு மாம்பழம் வச்சிருக்காங்க” என்று பதில் வரலாம். படத்தில் பேத்தியும் இல்லை, மாம்பழமும் இல்லை. இரண்டையும் குழந்தையே கொண்டுவந்து, அதைச் சொல்ல ஒரு முழு வாக்கியத்தையும் கட்டிவிட்டது.

பவணந்தி முனிவரின் நன்னூல் வினாக்களை ஆறாக வகுக்கிறது. விடை தெரிந்தவர், எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. நம் பட அட்டைகள் பெரும்பாலும் அறிவினாவோடு நின்றுவிடுகின்றன. குழந்தையின் பேச்சு வளர அறியா வினா வேண்டும். கூடைக்குள் என்ன இருக்கிறது என்பது கேட்பவருக்கும் உண்மையிலேயே தெரியாதபோதுதான், குழந்தைக்குச் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

கேள்வியே இலக்கணம் கற்பிக்கும்

தமிழில் இலக்கணப் பொருளின் பெரும்பகுதி சொல்லின் கடைசியில் இருக்கிறது. “யாரு?” என்றால் “பாட்டி” என்று பதில் வரும். “யாருக்கு?” என்றால் “பேத்திக்கு.” “எதுல?” என்றால் “கூடையில.” “யாரோட?” என்றால் “தாத்தாவோட.” கேள்வியில் இருக்கும் வேற்றுமை உருபு, பதிலிலும் அதே உருபை இழுத்துவருகிறது. “அப்புறம் என்ன ஆகும்?” என்பது எதிர்காலத்தை வரவழைக்கும். “ஏன்?” என்பது “மழை பெய்யறதால” என்று காரணத்தைக் கோக்கச் செய்யும். உருபுகளின் பெயர் தெரியாமலேயே நான்கு வயதுக் குழந்தை அவற்றைப் பழகிவிடும். “இது என்ன?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எழுவாயைத் தாண்ட அதற்கு வழியே இல்லை.

கல்வியாளர் கிருஷ்ண குமார், குழந்தையின் மொழியும் ஆசிரியரும் பற்றி 1986-இல் எழுதிய சிறு நூலில், படத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளை வகைப்படுத்திக் காட்டினார். படத்தில் இருப்பதைக் கண்டுபிடிப்பது, காரணம் சொல்வது, படத்தில் இருப்பவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது, அடுத்து நடப்பதை ஊகிப்பது, தன் வாழ்க்கையோடு பொருத்துவது. நம் அட்டைகள் முதல் படியிலேயே நிற்கின்றன. மீதி நான்கிலும்தான் பேச்சு இருக்கிறது.

கேட்கும் விதமும் காத்திருப்பும்

1988-இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், ஏறக்குறைய 30 குழந்தைகளின் பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். எல்லோரும் குழந்தைக்குப் படக்கதை வாசித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், நீண்ட பதிலை வரவழைக்கும் கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொன்னதை விரித்துச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட ஆறு மாதமோ அதற்கு மேலோ முன்னே இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் இரு பிரிவிலும் வாசிப்பு நடந்தது. வேறுபாடு கேட்ட விதத்திலும் பதிலை விரித்த விதத்திலும் மட்டும் இருந்தது.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்து 1974-இல் எழுதியது இன்னும் எளிமையானது. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள்

குழந்தை “நாய்க்குட்டி நனையுது” என்றதும், “நனைகிறது என்று சொல்” எனத் திருத்தினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “ஆமா, பாவம், மழையில நனையுது. அதுக்குக் குளிருமா?” என்று தொடர்ந்தால் அடுத்த வாக்கியம் வரும். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் குழந்தை, முதலில் அந்த மொழியிலேயே பதில் சொல்லட்டும். சொல்ல வேண்டியது மனதில் உருவானபின் தமிழ்ச் சொல்லைச் சேர்ப்பது எளிது.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்தாலும், கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழி வளராத குழந்தைக்கு வாசிப்பு வெறும் ஒலியாகவே இருக்கும். அந்த மொழிக்கு அடித்தளம் அங்கன்வாடி வயதிலேயே விழுகிறது.

மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே அட்டையைத் தூக்கிக் காட்டுவது அவர்களின் குறையால் நேர்வதன்று, நேரமின்மையால் நேர்வது. ஆகவே அட்டைகளை அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. நான்கைந்து குழந்தைகளோடு தினமும் பதினைந்து நிமிடம் உட்காரும்படி பணிச்சுமையைக் குறைக்க வேண்டும். அட்டையின் பின்புறத்தில் கேள்விகளை அச்சிட வேண்டும். பயிற்சியில், கேட்கவும் காத்திருக்கவும் பழக்க வேண்டும். எத்தனை படங்களுக்குக் குழந்தை பெயர் சொன்னது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு பேசியது என்று பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு அட்டை மருந்தாகாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. தயங்காமல் அவர்களிடம் காட்டுங்கள்.

மற்றபடி, இதற்குச் செலவே இல்லை. பழைய நாட்காட்டிப் படமோ, இந்த நாளிதழில் இருக்கும் ஒரு புகைப்படமோ போதும். குழந்தையை மடியில் உட்காரவைத்து, உங்களுக்கே விடை தெரியாத ஒன்றைக் கேளுங்கள். மூன்று விநாடி பொறுங்கள். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று குழந்தை சொல்லும்.