காலக்கெடு யாருக்கு, சலுகை யாருக்கு?

பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு முடிவு கட்டப் போவதாக உலகெங்கும் அரசுகள் தேதி குறிக்கின்றன. நாம் அதை எதிர்க்கவில்லை. புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் மக்கள்தான். விடியற்காலையில் சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர், நடைபாதை வியாபாரி, நாள் முழுக்க நெரிசலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் நுரையீரலுக்குக் கண்ணாடி ஏற்றிய ஏசி கார் கிடையாது. பெட்ரோல் போகட்டும். ஆனால் யாருடைய வண்டி முதலில் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? நம் கேள்வி அதுதான்.

2019இல் நிதி ஆயோக் ஒரு திட்டத்தை முன்வைத்தது. 2023க்குள் மூன்று சக்கர வண்டிகளும், 2025க்குள் 150 சிசிக்குக் குறைந்த இருசக்கர வண்டிகளும் முழுக்க மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்றது. கார்களுக்கு அதில் தேதி இல்லை. வண்டி தயாரிக்கும் பெருமுதலாளிகள் எதிர்த்தார்கள், திட்டம் கிடப்பில் போனது. ஆட்டோ ஓட்டுநரின் கருத்தை யாரும் கேட்கவும் இல்லை.

2025 ஏப்ரலில் டெல்லி மின்வாகனக் கொள்கையின் வரைவு ஏடுகளில் வெளியானது. 2025 ஆகஸ்ட் 15 முதல் புதிய சிஎன்ஜி ஆட்டோக்களுக்குப் பதிவு இல்லை. 2026 ஆகஸ்ட் 15 முதல் பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்குப் பதிவு இல்லை. கார்களுக்கு? ஏற்கெனவே இரண்டு கார் வைத்திருப்பவர் மூன்றாவதாக வாங்குவது மட்டும் மின்சாரக் காராக இருக்க வேண்டுமாம். அந்த வரைவு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. என்றாலும் அதை எழுதியவர்களின் மனதில் இருந்த வரிசை நமக்குத் தெரிந்துவிட்டது.

"எண்ணிக்கையில் இருசக்கர வண்டிகள்தானே அதிகம்? அவற்றை மாற்றுவது எளிது, மின்கலமும் சிறியது" என்பார்கள். எண்ணிக்கை உண்மைதான். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் கார் வைத்திருப்பவை எட்டுக்கும் குறைவு. இருசக்கர வண்டி வைத்திருப்பவை ஏறத்தாழ பாதி. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அதிகப் புகை விடுவது யார், அதிகச் சாலையை அடைத்துக்கொள்வது யார்? ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகும் கார்தான். எளிது என்பதன் பொருள், எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பதுதான்.

கார்க்காரர்கள் எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்பதை 2018இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு எரிபொருள் தரக் கூடாது என்ற ஆணை டெல்லியில் நடைமுறைக்கு வந்தது. சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில், உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். ஆனால் ஊடகங்களில் அழுகை முழுவதும் சொகுசுக் கார்களுக்காகத்தான். பிரிட்டனிலும் இதே கதை: 2030 என்று குறித்த கெடுவை 2023இல் ரிஷி சுனக் 2035க்குத் தள்ளினார். பின்னர் வந்த ஆட்சி மீண்டும் 2030 என்கிறது. குரல் உள்ளவனுக்குத் தேதி நீளும். குரல் இல்லாதவனுக்கு அதுவே தண்டனை.

சலுகையின் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை, 2025 இறுதி வரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியில் முழு விலக்கு தந்தது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. அப்படியானால் 25 லட்சம் ரூபாய் மின்சாரக் கார் வாங்கியவர் மிச்சப்படுத்தியது 5 லட்சம் ரூபாய். பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் சேர வேண்டிய பொதுப் பணம் அது.

பேருந்து என்றதும் இன்னொரு செய்தி. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவற்றை இயக்குவது தனியார் நிறுவனம். ஓடும் கிலோமீட்டருக்கு அரசு பணம் தருகிறது. ஓட்டுநரைத் தனியார் நியமிக்கிறார். நடத்துநர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். ஒன்றிய அரசு 2023இல் அறிவித்த பத்தாயிரம் மின்சாரப் பேருந்துத் திட்டமும் தனியார் கூட்டில்தான் நடக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. டீசல் பேருந்தில் இருந்த அரசு வேலை, மின்சாரப் பேருந்தில் ஒப்பந்த வேலையாகிவிட்டது. புகையோடு சேர்த்து இடஒதுக்கீட்டையும் வெளியேற்றிவிட்டார்கள். அந்தப் பணிமனையைச் சுற்றி வாழும் இளைஞர்களுக்கு எஞ்சியது தூய்மையான காற்று மட்டுமென்றால், அது பாதி நீதிதான்.

வண்டிக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் வரலாற்றைப் புரட்டட்டும். தீண்டத்தகாதவர் என்று சொல்லி அம்பேத்கருக்கு வண்டியோட்ட மறுத்த நாடு இது. ஆதித்திராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சவுந்திரபாண்டியனார் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தது பொதுச் சாலையும் பொது வண்டியும் எல்லோருக்கும் என்ற கொள்கை. வைசிராய் அவையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில் அம்பேத்கர் மின்சாரக் கொள்கையை வகுத்தார். மலிவான மின்சாரம், அதன் வழியே தொழில்வளர்ச்சி, அதன் வழியே வறுமையிலிருந்து மக்களின் விடுதலை. இதுவே அவர் சொன்ன வழி. மின்சாரம் அவருக்கு விடுதலையின் கருவி. இன்று அதைச் செல்வந்தரின் சலுகையாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நாம் கேட்பது இவைதான். கெடு முதலில் தனியார் கார்களுக்கு, அதிலும் ஒன்றுக்கு மேல் வைத்திருப்போருக்கு வரட்டும். கார் வாங்குவோருக்குத் தரும் வரி விலக்கை நிறுத்தி, அந்தப் பணத்தில் அரசே பேருந்துகளை வாங்கி, அரசே ஓட்டட்டும். ஒவ்வொரு பணியிடமும் இடஒதுக்கீட்டுக்கு உட்பட்டதாக இருக்கட்டும். ஆட்டோ ஓட்டுநருக்கும் உணவு விநியோகிக்கும் இளைஞருக்கும் மாற்று வண்டியும் வட்டியில்லாக் கடனும் கைக்கு வந்த பிறகே கெடு அமலாகட்டும். பழுதுபார்ப்போருக்குப் புதிய தொழில்நுட்பப் பயிற்சியை அரசு செலவில் தரட்டும்.

தோழர்களே, அடுத்த முறை ஒரு அரசு தேதியை அறிவித்தால் ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். அது எந்த வண்டிக்கு, அந்த வண்டியை ஓட்டுவது யார் என்று கேளுங்கள்.