பயிற்சிப் பத்திரங்களை வரம்புக்கு உட்படுத்தக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
தலைவரும் செயலாளரும்,
பயிற்சி ஒப்பந்தத்தின்கீழ்ப் பணிபுரியும் கணினித் துறை ஊழியர் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
தொழிலாளர் ஆணையர் அவர்கள், தேனாம்பேட்டை, சென்னை.

பொருள்: பயிற்சி பெற்ற ஊழியர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகும்போது வசூலிக்கப்படும் தொகை, பிடித்து வைக்கப்படும் அசல் சான்றிதழ்கள், முன்கூட்டியே வாங்கப்படும் காசோலைகள் குறித்து.

பெருமதிப்பிற்குரியீர்,

கல்லூரிப் படிப்பு முடியுமுன்பே வளாகத் தேர்வில் தெரிந்தெடுக்கப்பட்டு, பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று குடும்பம் முழுவதும் மகிழ்ந்திருக்கும் வேளையில், உலக அனுபவம் இல்லாத பட்டதாரி ஒருவர் முத்திரைத்தாள் ஒன்றில் கையொப்பமிடுகிறார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் விலகாமல் பணியாற்றுவதாகவும், தவறினால் தமக்குப் பயிற்சி அளித்த செலவுக்கு ஈடாக ஒன்றிரண்டு லட்சம் ரூபாய் செலுத்துவதாகவும், அதற்குத் தம் தகப்பனார் ஜாமீன் நிற்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. எங்கள் உறுப்பினர்கள் ‘பாண்ட்’ என்று வழங்கும் இந்தப் பத்திரத்தின் பிரதி அவர்கள் கைக்கு வருவது அபூர்வம். அதிலுள்ள ஷரத்துகளின் முழுப் பொருளை அவர்கள் அறிவது பெரும்பாலும் ராஜிநாமா கொடுக்கும் தினத்தில்தான்.

பிறர் பொருளில் தொழில் கற்றுக்கொண்டு, கற்ற மறுநாளே கூடுதல் சம்பளம் தருவோரிடம் போய்ச் சேருவது நியாயமென்று வாதாடுவதற்காக இச்சங்கம் தங்கள் சமூகத்துக்கு வரவில்லை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறோம். பணியாளருக்கென்று ஒரு நிர்வாகம் மெய்யாகவே செலவு செய்திருக்குமானால், அச்செலவில் இன்னும் ஈடாகாத பகுதியை அவர் திருப்பித் தர வேண்டியது கடமையே. எங்கள் வழக்கெல்லாம் அச்செலவு எவ்வளவு, அதை யார் கணக்கிடுவது, அதை வசூலிக்க எந்த ஆயுதத்தைப் பிரயோகிக்கலாம் என்பவற்றைப் பற்றியதே.

புதியவர்களை மாதக்கணக்கில் விடுதியில் தங்கவைத்து, ஆசிரியர்களை அமர்த்தி, தேர்வுகள் நடத்திக் கற்பிக்கும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் செலவை நாங்கள் மறுக்கவில்லை. எங்களிடம் வந்து சேரும் முறையீடுகளோ பெரும்பாலும் வேறு ரகத்தைச் சார்ந்தவை. விடுப்பு விண்ணப்பம் எழுதும் முறையையும் அலுவலக விதிகளையும் சொல்லிக் கொடுத்த இரண்டு வாரங்களும், மூத்த ஊழியர் ஒருவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்துக் கொண்டிருந்த சில நாட்களும், வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் ‘பெஞ்ச்’சில் காத்திருந்த மாதங்களும் பயிற்சி என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டு, அக்காலத்துச் சம்பளமும் பயிற்சிச் செலவிலேயே சேர்க்கப்படுகிறது. இன்னும் சிலருடைய விஷயத்தில், ‘பயிற்சி’யிலிருந்த நாட்களிலேயே அவர்களது உழைப்புக்கு வாடிக்கையாளரிடமிருந்து கட்டணம் பெறப்பட்டிருக்கிறது. கற்பித்ததற்கும் கூலி, கற்றவர் உழைத்ததற்கும் கூலி என்று இரு கையாலும் வாங்குவதை எந்தக் கணக்குமுறை அனுமதிக்கிறதென்று எங்களுக்கு விளங்கவில்லை.

விலகும் ஊழியரிடம் செலவை வசூலிக்கும் இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்வோருக்குப் பழைய சட்டப் புத்தகங்கள் சுவாரசியமான சான்று தருகின்றன. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைச் செய்யாமல் விட்டால், அவனை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடி என்று உத்தரவிடவும், அதற்கும் பணியாவிடில் மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கவும் 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் இடங்கொடுத்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களை உத்தேசித்துப் பிறந்த அச்சட்டம் நாளடைவில் தோட்டத் துரைமார்களின் கைக்கோலாயிற்று. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 492-ஆவது பிரிவோ, முதலாளியின் செலவில் தூர இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, மூன்றாண்டுக்கு மேற்படாத எழுத்து ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்பவன் இடையில் விட்டுச் சென்றால், ஒரு மாதம் வரை சிறையும், ஆன செலவில் இரட்டிப்புத் தொகை வரை அபராதமும் விதிக்கலாமென்றது. ஆயினும் அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு இருந்தது: முதலாளி அவனைக் கொடுமைப்படுத்தியிருந்தாலோ, ஒப்பந்தத்தில் தம் பங்கை நிறைவேற்றத் தவறியிருந்தாலோ தண்டனை இல்லை. 1859-ஆம் ஆண்டின் சட்டத்தையும் இந்த 492-ஆவது பிரிவையும் 1925-ஆம் ஆண்டின் சட்டம் ரத்து செய்துவிட்டது. அந்நிய ஆட்சியின் தண்டனைச் சட்டம் தந்த அந்தச் சொற்ப விலக்கைக்கூட, இன்று எங்கள் உறுப்பினர்கள் கையொப்பமிடும் பத்திரங்களில் நாங்கள் காணவில்லை. இரண்டு மாதம் சம்பளம் நிலுவையில் நிற்க, வேறு வழியின்றி விலகியவரிடமும் முழுத்தொகை கேட்கப்படுகிறது.

இனி நடப்புச் சட்டத்துக்கு வருகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் எழுதப்பட்ட தொகை நஷ்டஈட்டின் உச்சவரம்பாகுமேயன்றி, அதுவே நஷ்டஈடு ஆகிவிடாது. அவ்வரம்புக்குள் நியாயமான தொகையே கிடைக்கும். நிர்வாகத்தார் எப்போதும் மேற்கோள் காட்டுவது 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செஞ்சுரி ஆலை வழக்கு. அதில், டயர் நூல் தயாரிக்கும் நுட்பத்தை வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து இரகசியக் காப்பு நிபந்தனையோடு பெற்றிருந்த ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து, அந்நுட்பத்தில் பயிற்சியும் பெற்ற ஒருவர், காலம் முடியுமுன் போட்டி நிறுவனத்துக்குச் சென்றார். ஒப்பந்தக் காலத்துக்குள் அத்தகைய தடை செல்லுமென்று நீதிமன்றம் கூறிற்று. தொழில் இரகசியம் எதுவும் அறியாத புதுப் பட்டதாரிக்கு இத்தீர்ப்பை நீட்டுவது பொருத்தமற்றது. எங்களுக்கு ஏற்ற முன்மாதிரி, டில்லி உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கே. பத்திரத்தில் கண்ட தொகை இரண்டு லட்சம். நிரூபணமான செலவு 67,596 ரூபாய். மூன்றாண்டில் இரண்டாண்டு ஊழியர் பணிபுரிந்துவிட்டபடியால், மீதி ஓராண்டுக்குரிய 22,532 ரூபாய் மட்டுமே கொடுபட வேண்டுமென்று நீதிமன்றம் விதித்தது. ஒரு பள்ளிக்கூடச் சிறுவனும் போடக்கூடிய இந்தக் கணக்கைத்தான் நாங்கள் விதியாக்கித் தருமாறு கேட்கிறோம்.

2025-ஆம் ஆண்டு மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுப் பணிக்கான இரண்டு லட்சம் ரூபாய்ப் பத்திரத்தைச் செல்லுபடியாக்கியதை மறைத்து மனு எழுதுவது எங்களுக்கு அழகன்று. அத்தீர்ப்பு எங்களுக்குப் பாதகமானதென்றே பலர் சொல்கிறார்கள். எங்கள் அபிப்பிராயம் அதுவன்று. பகிரங்க விளம்பரமும் போட்டித் தேர்வும் நடத்தியே ஆளெடுக்கக் கடமைப்பட்ட பொதுத்துறை வங்கி அது. விலகியவர் நல்ல சம்பளம் பெற்ற முதுநிலை மேலாளர். அவருடைய பதவியையும் ஊதியத்தையும் கருதும்போது, ராஜிநாமா செய்யவே இயலாதபடி ஆக்கும் தொகையாக அது இல்லையென்பதே நீதிமன்றத்தின் காரணங்களில் ஒன்று. அந்த உரைகல்லிலேயே எங்கள் உறுப்பினர்களின் பத்திரங்களையும் உரைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஆண்டுச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்தைத் தாண்டாத ஒருவருக்கு இரண்டு லட்சம் என்பது விலகும் உரிமையையே பறிப்பதாகும்.

தொகையைக் காட்டிலும் எங்களைக் கலங்கச் செய்வது அதை வசூலிக்கும் விதம். பணியில் சேரும் நாளில், சரிபார்ப்பதற்கென்று சொல்லி வாங்கிய பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் திரும்பி வருவதில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்லவென்றும், ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவைக் காட்டி அதைப் பிடித்து வைக்க முடியாதென்றும் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அது அரசு மருத்துவர்களின் பத்திரத்தையொட்டி எழுந்த வழக்காயினும், கொள்கை எல்லோருக்கும் ஒன்றே. தேதியும் தொகையும் நிரப்பப்படாத காசோலைகளைக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வது மற்றொரு வழக்கம். அக்காசோலை பின்னர் வங்கிக்குச் சென்று பணமின்றித் திரும்பினால், 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இரண்டாண்டு வரை சிறையும், காசோலைத் தொகையில் இரட்டிப்பு வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. வேலையை விட்டு விலகுவது குற்றமல்லவென்று 1925-இல் முடிவாகிவிட்ட பின்னர், அதே இரட்டிப்பு அபராதமும் அதே சிறைப் பயமும் காசோலையின் வழியாகத் திரும்பி வந்து எங்கள் பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டுகின்றன.

ஆகவே நாங்கள் வேண்டுவன இவை. உடனே செய்யத்தக்கது, புதிய சட்டம் எதுவும் தேவைப்படாதது, அசல் சான்றிதழ்களையும் நிரப்பப்படாத காசோலைகளையும் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டுமென்று எல்லா நிறுவனங்களுக்கும் ஆணையர் அவர்கள் சுற்றறிக்கை அனுப்பி, மீறுவோர் மீது ஊழியர் புகார் செய்ய மாவட்டந்தோறும் ஓர் அலுவலரைக் குறிப்பிடுவது. அடுத்து, பயிற்சி முடிந்த பதினைந்து நாட்களுக்குள் செலவின் விவரத்தை இனவாரியாக எழுதிப் பத்திரத்தின் பிரதியோடு ஊழியரிடம் ஒப்படைக்காத நிறுவனம், பின்னர் எத்தொகையும் கோரலாகாதென்று விதி செய்ய வேண்டும். அந்த விவரத்தில் பயிற்சிக் காலச் சம்பளமும், எல்லோருக்கும் பொதுவான அறிமுக வகுப்புகளும் இடம்பெறலாகா. மெய்யான செலவு, பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் சம விகிதத்தில் குறைந்துகொண்டே வர வேண்டும்.

தகராறு எழுந்தால் தீர்ப்பவர் நிர்வாகமாக இருத்தல் தகாது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டத்தில், பயிற்சியாளரின் பிழையால் ஒப்பந்தம் முறிந்தால் அவர் திருப்பித் தரவேண்டிய தொகையை அரசின் ஆலோசகரே நிர்ணயிக்கிறார். நிர்வாகத்தின் பிழையால் முறிந்தால் நிர்வாகம் பயிற்சியாளருக்கு ஈடு கொடுக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலுள்ள இந்த ஏற்பாட்டைப் பட்டதாரி ஊழியர்களுக்கும் விரிவுபடுத்துவதில் புதுமை ஏதுமில்லை. சம்பள நிலுவை, பாலியல் தொந்தரவு, கடும் நோய் ஆகிய காரணங்களால் விலகுவோர் எத்தொகையும் செலுத்த வேண்டியதில்லையென்றும், தகராறு நிலுவையில் இருப்பதைக் காட்டிப் பணிவிடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் நிறுத்தி வைக்கலாகாதென்றும் அவ்விதியிலேயே சேர்த்தருள வேண்டும். அக்கடிதம் இல்லாமல் அடுத்த நிறுவனத்தில் சரிபார்ப்புத் தேறாதாகையால், பத்திரத் தொகையைக் கட்டாதவர் சம்பாதித்துக் கட்டும் வழியையும் இழந்துவிடுகிறார்.

உறுப்பினர்களின் பெயர்களை நீக்கிய பத்திர நகல்கள் சிலவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம். நிர்வாகத்தார், ஊழியர், அரசு ஆகிய முத்தரப்பினரும் அமரும் கூட்டமொன்றை விரைவில் கூட்டி, அதில் எங்கள் பிரதிநிதிகள் நேரில் விளக்கம் தர வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்