செருக்குக்குச் செவி இல்லை

மனிதனுக்குப் பெருமை உணர்வு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் பலர். அவர்களோடு நான் உடன்படவில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்தார். கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கும் அது பிறக்கும் இடங்கள் என்றார். கற்றவன் தலைநிமிர்ந்து நிற்பதை அவர் குற்றமாகக் கருதவில்லை. வள்ளுவரோ, குற்றங்கடிதல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே செருக்கைக் குற்றமாகச் சுட்டுகிறார். செருக்கும் சினமும் சிறுமையும் அற்றவரின் செல்வமே பெருமிதம் உடையது என்கிறார். ஆகவே, பெருமிதம் வேறு; செருக்கு வேறு.

இரண்டையும் பிரித்து அறிவது எப்படி? அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு என்பது என் கருத்து. "நீ செய்வது தவறு" என்று ஒருவர் சொல்லும்போது, பெருமிதம் உடையவன் காது கொடுத்துக் கேட்கிறான். செருக்கு உடையவன் காதை மூடிக்கொண்டு, சொன்னவனின் தகுதியை ஆராய்கிறான்.

மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பணியாற்றினர். மருத்துவர்கள் இருந்த பிரிவில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மிகுதியாக மாண்டனர்! அங்குப் பணிபுரிந்த செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய மருத்துவர் 1847-இல் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்துப் பார்த்த கைகளோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்தனர். சலவைத்தூள் கரைசலில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அவர் விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2-ஆகக் குறைந்தது.

இத்துணைத் தெளிவான உண்மையையும் மருத்துவர் பலர் ஏற்கவில்லை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று வளரவில்லை என்பது உண்மையே. ஆயினும், 'உயிர் காக்கும் எம் கைகளா உயிரைப் பறித்தன?' என்ற எண்ணமும் அவர்கள் செவியை அடைத்தது என்றே நான் கருதுகிறேன். செம்மல்வைஸும் பொறுமையாக எடுத்துரைக்கவில்லை. தம் நூலை 1861-இல்தான் வெளியிட்டார். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடிக் கடிதங்கள் எழுதினார். 1865-இல், 47-ஆம் வயதில், மனநோயாளர் விடுதியில் மாண்டார். அறிஞர்களின் செருக்குக்கு விலை கொடுத்தவர்கள் யார்? பெயர்கூட நாம் அறியாத ஏழைத் தாய்மார்கள் அல்லவா?

மாணவ நண்பர்களே! வியன்னா நமக்கு வெகுதொலைவு. ஆனால் அந்தச் செருக்கு நம் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். மழையையும் மண்ணையும் அறிந்த தந்தை ஏதோ சொல்ல வருகிறார். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள்" என்கிறோம். அவர் வாயை மூடிக்கொள்கிறார். அடுத்த முறை சொல்ல வருவதே இல்லை. நம் படிப்புக்காக உழைத்தவரை நம் படிப்பே ஊமையாக்கிவிடுகிறது. வகுப்பிலும் இதே கதைதான். ஐயத்தைக் கேட்டால் அருகில் இருப்பவன் சிரிப்பானே என்று அறியாமையைப் பொத்தி வைத்து, தேர்வு மண்டபத்தில் விழிக்கிறோம்.

கைகட்டி, வாய்பொத்தி நிற்பதுதான் அடக்கம் என்று நான் சொல்லவில்லை. பல தலைமுறைகளாகக் குனிய வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்து நிற்பது உரிமை. அதைச் செருக்கு என்று பழிப்பவர்களிடம்தான் உண்மையான செருக்கு இருக்கிறது. நான் வேண்டுவது ஒன்றே. நம்மை நிமிர வைத்த கல்வி, நம்மினும் குறைவாகப் படித்தவரைக் குனிய வைக்கும் கருவியாகிவிடக் கூடாது.

பட்டம் பெற்று நாம் வீடு திரும்பும் நாளில், நம் தந்தை நம்மிடம் தயக்கமின்றி, "தம்பி, நீ சொல்வது தப்பு" என்று சொல்ல முடிய வேண்டும். நாமும் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அன்றுதான் நாம் பெற்ற கல்வி பெருமிதம் உடையதாகும்.