இரத்தம் சொல்லும் சாட்சியம்

2023ம் வருஷம் மே மாதத்தின் நடுவில், மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமத்தில் விஷச்சாராயம் அருந்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். அதே நாட்களில் செங்கற்பட்டு ஜில்லாவிலும் மரணங்கள் நேர்ந்தன. இரு ஜில்லாக்களிலுமாக மாண்டவர்கள் 20 பேருக்கு மேல். அந்தத் துயரம் ஆறுமுன், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் அதே விஷத்துக்குப் பலியாயின. இரு முறையும் இறந்தோர் குடும்பங்களுக்குச் சர்க்கார் 10 லட்சம் ரூபாய் வீதம் அளித்தது. இரு முறையும் கண்டனங்கள் முழங்கின. கள்ளச்சாராயத்தை வேரோடு களைய வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமே இல்லை. ஆனால் விஷம் உள்ளே சென்ற பின்னரும் மனிதனைக் காப்பாற்ற வழி உண்டு. அந்த வழியைப் பற்றி மேடைகளில் யாரும் பேசக் காணோம்.

இந்தச் சாராயத்தில் கலந்திருப்பது மெதனால் என்னும் தொழிற்சாலை ரசாயனம். அது தானாகவே உடனே கொல்லுவதில்லை. ஈரல் அதைப் படிப்படியாக மாற்றி, ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலமே கண் பார்வையைப் பறித்து, மூளையைத் தாக்கி, உயிரையும் குடிக்கிறது. இதற்கு அநேகமாக 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகிறது. அதற்குள் நோயாளியின் நிலையை அறிந்து, விஷமுறிவு மருந்தும் சோடா உப்பு மருந்தும் கொடுத்து, இரத்தச் சுத்திகரிப்பும் செய்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம். எமன் கொடுக்கும் இந்த அவகாசத்தை நாம் வீணாக்கலாமா?

நிலையை அறிவது எப்படி? மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த சிறிது இரத்தத்தை, படுக்கையின் அருகிலேயே வைக்கத்தக்க ஒரு யந்திரத்தில் செலுத்தினால், சில நிமிஷங்களில் விடை கிடைக்கிறது. ஆரோக்கியமான இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும். விஷம் அமிலமாக மாற மாற அது இறங்கும். 7-க்குக் கீழே போனவர் பிழைப்பது அரிது. 1952-ல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, நோயாளிகளின் மூச்சை நடத்துவதற்கு இந்த அளவுகள் இன்றியமையாதவை என்று வைத்தியர்கள் கண்டார்கள். அந்த அனுபவத்தைத் தொடர்ந்து வளர்ந்ததே இன்றைய யந்திரம்.

யந்திரத்தை வாங்கி வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? நாம் நியாயஸ்தலங்களில் பழகியவர்கள். குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. யந்திரமும் ஒரு சாட்சியே. அதுவும் தவறாகச் சொல்லக்கூடும். ஊசிக்குழலில் காற்றுக்குமிழி தங்கினால் கரியமிலவாயு குறைந்தும், பி.எச். உயர்ந்தும் காட்டும், ஆபத்தில் இருப்பவன் சற்றே தேறியவன்போல் தோன்றுவான். இரத்தத்தை அரை மணிக்கு மேல் வெறுமனே வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்களே பிராணவாயுவை உண்டு அமிலத்தை உண்டாக்கும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் திரவம் அதிகமானால், இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். குளிரில் காக்க வேண்டிய பரிசோதனைப் பெட்டிகளை மின்சாரம் நின்ற கோடைப் பகலில் விட்டுவிட்டால், அவை காட்டும் எண்ணை நம்புவதற்கில்லை. இவற்றுக்கு மேல், விஷம் அருந்திய சில மணி நேரத்துக்குள் எடுத்த முதற் பரிசோதனை சரியாகவே இருக்கலாம். அதை நம்பி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளியைக் கேளுங்கள். பாத்தியில் நிற்கும் நீரின் அடர்த்தியை மிதவைமானியால் அளந்த பின்பே அவர் அடுத்த பாத்திக்கு நீரைத் திருப்புகிறார். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கிறது. 30-ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்பும் கூடவே படிகிறது. மானி பொய் சொன்னால் உப்பு கசக்கும் என்பதை அவர் அறிவார். ஒரு மூட்டை உப்புக்கு உள்ள காவல் ஓர் உயிருக்கு வேண்டாமா?

காவல் இன்னதென்பது உலகறிந்த விஷயம். அளவு முன்னரே தெரிந்த திரவங்களைத் தினந்தோறும் யந்திரத்தில் செலுத்திச் சோதித்து, விடையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தன் வேலையை வெளியாரிடமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்காக நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, நாடெங்குமுள்ள பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரே மாதிரியான திரவங்களை அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்திவருகிறது. படுக்கையருகே நடக்கும் பரிசோதனைகளுக்கும் சர்வதேசத் தர விதி உண்டு. 2022-ல் திருத்திய ஐ.எஸ்.ஓ. 15189 விதி அவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

ஆகவே நாம் சர்க்காரை வற்புறுத்துவது மூன்று. கடலோரத் தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இந்த யந்திரமும், இரவு பகலாக அதைக் கையாளப் பயின்ற ஒருவரும் இருக்க வேண்டும். தினசரிச் சோதனைப் பதிவேடு ஜனங்கள் கேட்டால் காட்டப்பட வேண்டும். வெளி ஒப்பீட்டில் தவறிய யந்திரம், சீராகும்வரை நோயாளியின் அருகே வரக் கூடாது.

"குடித்தவன் செத்தான், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கும், சர்க்கரை நோய் முற்றி மயங்கிய தாய்க்கும், விஷ ஜுரத்தில் விழுந்த உப்பளக் கூலிக்கும் இதே யந்திரம்தான் தீர்ப்புச் சொல்லுகிறது. தேசத் தொண்டர்களே! உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அந்தப் பதிவேட்டைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அடுத்த விஷச்சாராயம் வரும்வரை காத்திருப்பது, அடுத்த பிணத்துக்குக் காத்திருப்பதே ஆகும்.