நிரல்மீது பழி போடும் முன்

பாட்டி இரவில் எழுந்தால் தெரியட்டும் என்று, அசைவை உணரும் கருவியை வைஃபை சில்லுடன் இணைத்தேன். அறையில் யாரும் இல்லாதபோதும் மணி அடித்தது. 3 இரவுகள் நிரலைத் திருத்தினேன். பிழை அங்கில்லை.

உணர்கருவி தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைப் பல மடங்கு பெருக்கித்தான் பயன்படுத்துகிறோம். பக்கத்திலேயே வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது அந்த இரைச்சலும் உள்ளே புகுந்து பெருகிவிடுகிறது. இரண்டையும் தள்ளி வைத்ததும் மணி அடங்கியது.

பொய்யாக அடிக்கும் மணியை வீட்டார் அணைத்துவிடுவார்கள். பாட்டி உண்மையிலேயே தடுமாறும் இரவில் அது ஊமையாக இருக்கும்.

எனவே, கண்காட்சி நாளில் 5 நிமிடம் இயங்கினால் முழு மதிப்பெண் என்பது போதாது. வீட்டில் ஒரு வாரம் இயக்கி, எத்தனை முறை பொய்யாக அடித்தது என்ற பதிவையும் ஆசிரியர்கள் கேட்க வேண்டும்.