உடல் முடியாமல் வேலையை விடுகிறவர்களுக்கு

பசறை, நமுனுகுல மலைச்சரிவுகளில் 50 வயதுக்கு முன்னரே கூடையை இறக்கி வைத்துவிடும் தாய்மார் பலர் உண்டு. முழங்கால் வீங்கிய பின் ஏற்றம் ஏற முடிவதில்லை. சிலருக்கு இழுப்பு, சிலருக்கு இடுப்பு. "இனி ஏலாது" என்று ஒரு நாள் பிரட்டுக்களத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அவ்வளவுதான், வேலையும் முடிகிறது. கைக்கு ஒரு கடிதமும் வருவதில்லை.

இப்படிச் சொல்லாமல் நின்றுவிடுவதைத்தான் நாம் வேண்டாம் என்கிறோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைவு செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. தாமாக விலகினாலும் உண்டு. நாட்கூலிக்காரருக்கு ஓர் ஆண்டுக்கு 14 நாட் சம்பளம். 25 ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 350 நாட் சம்பளம் சேர வேண்டும். அதுவும் 30 நாட்களுக்குள். விலகும் தேதியை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேமலாப நிதி வேறு கதை. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில்தான் அதை எடுக்கலாம். அதற்கு முன் நோயைக் காட்டி எடுக்க, நிரந்தரமாகவும் முற்றாகவும் வேலை செய்ய இயலாதவர் என்று மருத்துவச் சான்று வேண்டும். 'முற்றாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம் மக்கள் அகப்படுகிறார்கள். முழங்கால் போனவர் மேசையில் இருந்து எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் அவருக்கு மேசை யார் கொடுப்பார்? மலையில் உழைத்தவரின் இயலாமையை மலை வேலையை வைத்தே அளக்க வேண்டும் என்பது நமது கருத்து. அதுவரை, பிள்ளைக் காம்பராவிலோ தட்டையான நிலத்திலோ இலேசான வேலை கேட்பது பிச்சை அல்ல. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கிய பிறகு இந்தக் கோரிக்கைக்கு இன்னும் நியாயம் கூடியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுக்கலாம்.

தோட்டத்தை விட்டு இடம்பெயர்ந்து இன்று மரக்கறிப் பாத்தியில் நிற்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீட்டோடு கடதாசிகளும் புதைந்தன. கடதாசி போனாலும் கணக்கில் உள்ள பணம் உங்களுடையதே. பதுளைத் தொழில் அலுவலகத்தில் அங்கத்துவ இலக்கத்தைத் தேடிக் கேளுங்கள். செக்ரோலில் 'லெச்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி' என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைப்பது நல்லது. இந்த எழுத்துப் பிசகால் அலைந்தவர்கள் கொஞ்சமல்ல. 1987இல் சட்டமான விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சந்தா கட்டியிருந்தால், அங்கவீனத்துக்கான உதவி பற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

நோய் முற்றிய பிறகு பதுளைக்குப் பஸ் ஏறுவதே பெரும் பாடு. முழங்கால் வலிக்கத் தொடங்கும்போதே மருந்துத் துண்டுகளை ஒரு பையில் சேர்த்து வையுங்கள்.