கூரைக்குத் துரையிடம் மனுவா?

மழை பிடித்தால் இலங்கை மலையகத் தோட்டத்து லயங்களில் யாரும் தூங்குவதில்லை. சட்டி, வாளி, பால்மா டின் எல்லாம் தரைக்கு வந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வரிசை. தலைக்கு மேல் கறள் தின்ற தகரம். வயிற்றைக் கட்டி, சீட்டுப் பிடித்து, நாலு தகரம் வாங்குகிறான் தொழிலாளி. ஏறி அடிக்கலாமா? கூடாது! தோட்ட ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். துரை பார்ப்பார். “இஸ்தோப்பை நீட்டாதே, சுவரை உயர்த்தாதே” என்று உத்தரவு வரும், வராமலும் போகும். சங்கத்தில் வாய் திறக்கிற ஆளென்றால் வராதென்றே வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தொழிற்சாலைக் கூரை ஒழுகினால் மட்டும் அன்றைக்கே ஆள் ஏறுகிறான். கொழுந்து நனையக் கூடாதல்லவா!

நிலம் துரைக்குச் சொந்தமா? இல்லை. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் தூக்கிக் கொடுத்தார்கள். பிறகு 53 வருடக் குத்தகை. நேற்று வந்த கம்பெனிக்குப் பத்திரம் உண்டு. பல தலைமுறையாக அதே மலையில் கொழுந்தெடுத்துச் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. என்னே நியாயம்!

கிராமத்தானைப் போலப் பிரதேச சபைக்குப் போவதுதானே என்று கேட்கலாம். போனான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாதென்று திருப்பி அனுப்பினார்கள். ஓட்டு வாங்கத் தோட்டம் சபைக்கு உள்ளே. பாதை போடத் தோட்டம் சபைக்கு வெளியே! 31 வருடம் கழித்து, 2018ல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியும் என்ன? வீடு கட்ட அனுமதி கேட்டால் முதல் கேள்வி காணி உறுதி. உறுதி இல்லாதவன் மறுபடியும் துரை வாசலுக்கே.

துணிந்து கட்டிவிட்டால்? அரச காணியை மீட்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நோட்டீஸ் வந்து மஜிஸ்திரேட் முன் நின்றால் ஒரே கேள்விதான்: அரசின் எழுத்து மூல அனுமதி உண்டா? பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஆலைத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் முதலாளி வேலையைப் பறிக்கலாம்; வாடகை வீட்டுக் கூரையில் அவன் கை வைக்க முடியாது. தோட்டத்திலே வேலை கொடுப்பவன், வீட்டுக்காரன், அனுமதி கொடுப்பவன் மூவரும் ஒரே ஆள்! குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிய வேண்டும், இல்லையேல் காம்பராவை விடு என்பது பல தோட்டங்களில் எழுதாத சட்டம். பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டைக் கூரை கம்பெனிக்கு நஷ்டமல்ல. கூலி உயர்வு கேட்கும் வாய்க்கு அது பூட்டு.

மண்சரிவு அபாயம், அதற்காகத்தான் கட்டுப்பாடு என்கிறார்கள். 2014 அக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானதென்று பல வருடம் முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். அங்கிருந்து மக்களைக் குடியெழுப்பி வேறு இடம் கொடுத்தார்களா? மலைச் சரிவைச் சோதிக்கத்தான் வேண்டும், நாமும் அதையே கேட்கிறோம். அதற்கு அரசின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. துரைக்கு அந்த வேலையை யார் கொடுத்தது?

ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்றார்கள். இந்திய உதவியில் 4,000 வீடு, 2017ல் மேலும் 10,000 என்று அறிவித்தார்கள். லயத்தில் கிடப்பவர்களோ லட்சக்கணக்கில்! வீடு கிடைத்தவர்களிலும் பலர் உறுதிக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தார்கள்.

தோட்டக் குடியிருப்புகளைக் கிராமங்களாக அறிவிக்க வேண்டும். குடியிருக்கும் நிலத்துக்கு, கொழுந்தெடுக்கிற பெண்ணின் பேரையும் சேர்த்து, உறுதி எழுத வேண்டும். கூரை மாற்றும் மனுவைப் பிரதேச சபையே வாங்க வேண்டும். துரையின் சிபாரிசுக் கடிதம் கேட்கக் கூடாது. தோட்டத்து ஓட்டில் சபைக்குப் போயிருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும்.